இல்லாத கோப்புறையின் முகவரி

ஏதாவது ஒரு செய்தித்தளத்தில் ஒரு செய்தியைத் திறந்துவிட்டு உலாவியின் மேற்பட்டையைப் பாருங்கள். தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, 2024, சாய்கோடு, 05, சாய்கோடு, 12, கடைசியில் தலைப்பிலிருந்து நாலைந்து சொற்கள். 2024 என்று ஒரு கோப்புறை, அதற்குள் 05, அதற்குள் 12, அதற்குள் அந்தச் செய்தி ஒரு கோப்பாக இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெரும்பாலான தளங்களில், சர்வரின் வட்டு முழுக்கத் துழாவினாலும் அப்படி ஒரு கோப்புறை அகப்படாது. செய்தி தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகக் கிடக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் ஒரு நிரல் அதை எடுத்துப் பக்கமாகக் கட்டித் தருகிறது.

உலாவி அனுப்பும் கோரிக்கையின் முதல் வரியில் இருப்பது கொஞ்சம்தான். ‘கெட்’ அல்லது ‘போஸ்ட்’ என்று ஒரு வினை, அதையடுத்துப் பாதை, அதையடுத்து நெறிமுறையின் பதிப்பு எண். பாதை என்பது வெறும் எழுத்துச் சரம். அதில் சாய்கோடு வந்தால் அது படிநிலையைக் குறிக்கிறது என்பதும், 2024 ஓர் ஆண்டு என்பதும் சரத்துக்குத் தெரியாது. வாசிக்கும் நிரல்தான் அப்படிப் பொருள் கொள்கிறது. எந்தச் சரம் வந்தால் எந்த ஃபங்ஷனை ஓட்டுவது என்று முடிவுசெய்யும் அந்தப் பகுதியை நிரலாளர்கள் ‘ரவுட்டிங்’ என்கிறார்கள். வீட்டில் வைஃபை தரும் ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொடக்கத்தில் முகவரி என்றால் கோப்புதான். 1990களின் முதல் பாதியில் சர்வரில் ஒரு கோப்புறையைக் காட்டி, இதற்குக் கீழே உள்ளதெல்லாம் பொதுவில் தெரியட்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அப்போதே, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த செர்ன் ஆய்வகத்தின் சர்வரில் ஒரு விதிக் கோப்பு இருந்தது. இந்த மாதிரி முகவரி வந்தால் இப்படி மாற்று, இதை அனுமதி, இதை மறு, இது வந்தால் நிரலை ஓட்டு என்று வரிவரியாக எழுதி வைக்கலாம்; சர்வர் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். பின்னாளில் பைதான் நிரல்மொழியில் தளம் கட்ட உதவும் சட்டகங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது போலக் கொண்டாடிய பட்டியலின் மூதாதை அதுதான். நிரலை ஓட்டுவதற்கு சிஜிஐ என்ற ஏற்பாடு வந்ததும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நிரல் கோப்பு, அதன் பெயரே முகவரி என்றாயிற்று. பெர்ல் மொழியில் எழுதிய நிரலை நாளைக்கு பைதானில் திருப்பி எழுதினால் கோப்பின் பின்னொட்டு மாறும். அதோடு முகவரியும் மாறும். உலகம் முழுக்க அதைக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கம்தான் கிடைக்கும். 1998இல் பெர்னர்ஸ்-லீ எழுதிய ஒரு கட்டுரையின் புகார் இதுவே. பின்னொட்டு, எழுதியவர் பெயர், ‘வரைவு’ போன்ற நிலை என்று நாளைக்கு மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதீர்கள் என்றார் அவர். உண்டான தேதி மட்டும் மாறாது, அதனால் அது இருக்கலாம்.

முகவரியைக் கோப்போடு பிணைக்கும் இந்தக் கட்டிலிருந்து பைதான் உலகம் விடுபட எடுத்த முதல் பெரிய முயற்சி கொஞ்சம் விசித்திரமானது. 1996இல் ஜிம் ஃபுல்டன் என்பவரை சிஜிஐ பற்றிப் பாடம் எடுக்க அனுப்பினார்கள். அவருக்கு அதில் பெரிய பழக்கமில்லை. பாடம் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், அதில் தனக்குப் பிடிக்காதது என்ன என்று யோசித்தவர் வேறொரு வழியைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்து 1998இல் திறந்த மூலமாக வெளிவந்ததுதான் ‘ஸோப்’. அவருடைய எண்ணம் இது: பைதானில் ஏற்கெனவே பொருள்களுக்குள் பொருள்கள் இருக்கின்றன. அப்படியானால் முகவரியின் ஒவ்வொரு துண்டையும் ஒரு பண்பின் பெயராக எடுத்துக்கொண்டு, வேர்ப் பொருளிலிருந்து படிப்படியாக உள்ளே இறங்கிப் போகலாமே? ‘கடை/புத்தகம்/விலை’ என்று வந்தால் கடை என்ற பொருள், அதற்குள் புத்தகம், அதன் விலை என்ற ஃபங்ஷன். பட்டியல் எதுவும் வேண்டாம்.

அழகான எண்ணம்தான். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடும் ஆபத்து அதிலேயே இருந்தது. உள்வேலைக்காக எழுதிய ‘அழி’ என்ற ஃபங்ஷனையும் யாரோ முகவரியில் தட்டி ஓட்டிவிடலாம். அதற்கு ஸோப் கண்ட வழிகளில் ஒன்று இன்று கேட்டால் சிரிப்பு வரும்: ஃபங்ஷனுக்குள் விளக்கக் குறிப்பு எழுதியிருந்தால் மட்டுமே அதை வலையில் காட்டும். இரண்டு வரி ஆவணம் எழுதுவது வாசலைத் திறந்துவிடும் செயலாகிவிட்டது. பெயர்களை அடிக்கோட்டில் தொடங்கினால் அவை மறைந்திருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: நிரலின் உள்ளமைப்பே வெளி முகவரியாக இருந்தால் வீட்டுக்குள் எதையும் இடம் மாற்ற முடியாது. ஒரு பண்பின் பெயரை மாற்றினால் ஊரெல்லாம் வைத்திருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும்.

உள்ளமைப்பையும் வெளி முகவரியையும் பிரித்து நடுவில் ஒரு பட்டியலை வைத்தவர்கள் பலர். ஏரன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ‘வெப்.பை’ அப்படித்தான் இயங்கியது. 2005இல் லிஸ்ப் மொழியிலிருந்து பைதானுக்கு மாறிய ரெடிட் தளம் அதன் மேல் ஓடியது. ஆனால் இந்தப் பழக்கம் பரவலானது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற நகரின் செய்தித்தாளிலிருந்து. ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ பத்திரிகையின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலொவாட்டியும், பிரிட்டனிலிருந்து ஓராண்டு வேலைக்கு வந்திருந்த மாணவர் சைமன் வில்லிசனும் 2003இல் தொடங்கிய வேலை, 2005 ஜூலையில் ‘ஜாங்கோ’ என்ற பெயரில் பொதுவுக்கு வந்தது. செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்ததன் அடையாளம் அதன் முகவரிப் பட்டியலில் நன்றாகவே தெரியும். ஆண்டு, மாதம், நாள், தலைப்பு என்பது பத்திரிகைக் காப்பகத்தின் வரிசை. அன்றைய பெரிய தளங்கள் பலவற்றின் முகவரிகள் காற்புள்ளியும் எண்ணுமாக மனிதர் வாசிக்க முடியாதபடி இருந்தன. மென்பொருளின் வசதிக்காக முகவரியைக் கெடுக்கக் கூடாது என்பதை லாரன்ஸ்காரர்கள் ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள்.

ஜாங்கோவின் பட்டியலில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘செய்தி/<இன்ட்:ஆண்டு>/<இன்ட்:மாதம்>/’, அதற்கு எதிரே மாதச்_செய்திகள் என்று ஒரு ஃபங்ஷன். கோரிக்கை வந்ததும் ஜாங்கோ பட்டியலின் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வரும். பொருந்தியதும் கோணக் குறிக்குள் இருப்பதைப் பிடுங்கி, சரமாக இருந்த 2024ஐ ‘இன்ட்’ என்ற மாற்றியால் முழு எண்ணாக்கி, ஆண்டு என்ற பெயரில் ஃபங்ஷனிடம் கொடுக்கும். கேள்விக்குறிக்குப் பிறகு வரும் தேடல் சொற்களை இந்த ஒப்பீட்டில் அது பார்ப்பதே இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் வடிவத்தைத்தான் சோதிக்கிறது, உண்மையை அல்ல. மாதத்தின் இடத்தில் 13 வந்தாலும் அது எண்தானே என்று உள்ளே விட்டுவிடும். 13ஆம் மாதம் இல்லை என்று 404 சொல்ல வேண்டிய பொறுப்பு ஃபங்ஷனுடையது.

2017 டிசம்பரில் 2.0 பதிப்பு வரும்வரை இந்த வரிகள் இவ்வளவு தெளிவாக இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற குறியீட்டு மொழியில், தொப்பிக் குறியும் கேள்விக்குறியும் பின்சாய்கோடுமாக எழுத வேண்டும். பெரிய சக்திதான், ஆனால் முகவரிக்கு அவ்வளவு சக்தி தேவைப்படுவதில்லை. அதோடு அந்தச் சக்திக்கு ஒரு விலையும் உண்டு. கவனமில்லாமல் எழுதிய சில வடிவங்களுக்கு வேண்டுமென்றே தயாரித்த ஒரு சரத்தைக் கொடுத்தால், பைதானின் எந்திரம் ஒவ்வொரு சாத்தியமாக முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொண்டு நிமிடக்கணக்கில் மூச்சுவிடாமல் நிற்கும்.

பட்டியல் நூறு வரி ஆனதும் அதைக் கிளைகளாகப் பிரிக்கிறார்கள். அஞ்சலகப் பின்கோடு மாதிரிதான்: முதல் எண்ணைப் பார்த்து மண்டலம், அடுத்ததைப் பார்த்து உட்பிரிவு, மூன்றாவதில் மாவட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பிரிப்பவருக்குத் தன் பங்கு எண் போதும், மீதி அடுத்தவர் கவலை. ஜாங்கோவின் தலைமைப் பட்டியல் ‘கடை/’ என்பதைப் பார்த்ததும் அந்த முன்னொட்டை வெட்டிவிட்டு மீதியைக் கடைப்பிரிவின் சொந்தப் பட்டியலிடம் தள்ளிவிடும். கடைப்பிரிவுக்குத் தான் எந்த முன்னொட்டின் கீழ் தொங்குகிறோம் என்பதே தெரிய வேண்டியதில்லை. நாளைக்கு ‘அங்காடி/’ என்று மாற்றினாலும் உள்ளே ஒரு வரிகூட மாறாது.

அப்படி மாறாமல் இருக்க இன்னொன்றும் வேண்டும். பக்கங்களுக்குள் எழுதிய இணைப்புகள் என்ன ஆகும்? இங்குதான் இந்த அமைப்பின் மிக நல்ல யோசனை இருக்கிறது என்பேன்: பட்டியலைத் திருப்பி வாசிப்பது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு, நிரலுக்குள் எங்கும் முகவரியைக் கையால் எழுதாமல், ‘மாதச் செய்திகள், ஆண்டு 2024, மாதம் 5 — இதற்கு முகவரி என்ன?’ என்று பட்டியலிடமே கேட்பார்கள். அது சரத்தைக் கட்டித் தரும். முகவரியை மாற்ற ஒரே இடத்தில் கை வைத்தால் போதும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் காலத்தில் இது லேசான வேலையாக இருக்கவில்லை. இந்தச் சரம் பொருந்துகிறதா என்று சொல்வது அந்த மொழிக்கு எளிது. பொருந்தக்கூடிய ஒரு சரத்தை உண்டாக்கிக் கொடு என்றால் அது விழிக்கும். ‘இதுவோ அதுவோ’ என்று நிமிர்ந்த கோடு போட்டு எழுதிய வடிவங்களைத் திருப்பி வாசிக்க ஜாங்கோ மறுத்துவிடும், எதைத் தேர்ந்தெடுப்பது என்று அதற்குத் தெரியாது.

2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாகர் என்ற ஆஸ்திரிய நிரலாளர், ஒரே கோப்புக்குள் அடங்கிய ஒரு குட்டிச் சட்டகத்தை முட்டாள்தினக் கேலியாக வெளியிட்டார். அப்போது புற்றீசல் போலக் கிளம்பிய சிறு சட்டகங்களைக் கிண்டல் செய்வதே நோக்கம். ஜனங்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் அவர் நிஜமாகவே எழுதி வெளியிட்டது ‘ஃபிளாஸ்க்’. இதில் தனிப் பட்டியல் கிடையாது. ஃபங்ஷனின் தலைக்கு மேலேயே ‘டெகரேட்டர்’ என்ற ஒரு வரியில் முகவரியை எழுதிவிடுவார்கள். கோப்பு வாசிக்கப்படும்போது அந்த வரி ஓடி, பின்னால் மறைவாக இருக்கும் பட்டியலில் தன்னைப் பதிந்துகொள்ளும். நாலு பக்கத் தளத்துக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. நாற்பது கோப்புகளில் இருநூறு ஃபங்ஷன் இருக்கும் இடத்தில் ‘இந்த முகவரி எங்கே போகிறது?’ என்று கேட்டால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வழிகளையும் அச்சிட்டுக் காட்ட ஃபிளாஸ்க்கில் ஒரு கட்டளை இருப்பதே அந்தத் தேவையால்தான். பெரிய வேலைக்கு நான் ஒரே இடத்தில் இருக்கும் பட்டியலின் பக்கம்; இதை ஒப்புக்கொள்ளாத நல்ல நிரலாளர்கள் ஏராளம்.

ஜாங்கோவுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் உள்ள இன்னொரு வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜாங்கோவில் வரிசைதான் விதி. முதலில் பொருந்துவதே வெல்லும். 2018இல் செபாஸ்டியன் ராமிரெஸ் எழுதிய ‘ஃபாஸ்ட்ஏபிஐ’யிலும் அப்படியே. ‘பயனர்/<பெயர்>’ என்ற வரியை மேலே எழுதி, ‘பயனர்/நான்’ என்பதைக் கீழே எழுதினால் இரண்டாவதற்கு ஒருநாளும் வேலை வராது. ‘நான்’ என்ற பெயருள்ள ஆளைத் தேடிக்கொண்டு முதல் ஃபங்ஷன் ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும் ‘வெர்க்ஸாய்க்’ நூலகம் நீங்கள் எழுதிய வரிசையை நம்புவதில்லை. மாறாத சொற்கள் உள்ள வழிக்கு முன்னுரிமை, எதையும் ஏற்கும் வழிக்குக் கடைசி இடம் என்று தானே தரம் பிரித்துக்கொள்ளும். ‘ஃபால்கன்’ என்ற சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போய், வழிகளையெல்லாம் மரமாக அடுக்கி, அந்த மரத்தையே பைதான் நிரலாக எழுதித் தொகுத்து ஓட்டுகிறது. வேகம் கூடும்தான். ஆனால் சாதாரணத் தளத்தில் நேரத்தைத் தின்பது தரவுத்தளமே, ரவுட்டிங் அல்ல.

முகவரியின் கடைசிச் சாய்கோடும் இப்படிச் சிக்கல் தரும். ‘கடை’ என்பதும் ‘கடை/’ என்பதும் மனிதக் கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு வேறு வேறு சரங்கள். ஜாங்கோ சாய்கோடு இல்லாததைப் பார்த்தால் சேர்த்துப் பார்த்து, பொருந்தினால் உலாவியை அங்கே போகச் சொல்லும். படிவத்தை நிரப்பி அனுப்பும் ‘போஸ்ட்’ கோரிக்கையில் இப்படித் திருப்பிவிட்டால் நிரப்பிய தகவல் வழியிலேயே தொலைந்துபோகலாம். அதனால் சோதனை நிலையில் மட்டும் அது உரக்கக் கத்தி நிரலாளரை எச்சரிக்கும்.

இதுவரை முகவரிகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். உண்மையில் அப்படி எழுத முடியுமா? முடியும். ஆனால் கம்பியில் அது அப்படிப் போவதில்லை. இணைய முகவரியின் தரநிலை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே அனுமதிக்கிறது. மற்றவற்றை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுத வேண்டும். ‘தமிழ்’ என்பதில் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து. ஆக மொத்தம் 45. தமிழ் விக்கிப்பீடியாவின் இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டியவர்களுக்கு அந்த நீண்ட சதவீதச் சங்கிலி பழக்கமானதே.

சர்வர் அதை அவிழ்த்துப் பைதானிடம் தருகிறது. இங்கே ஒரு சிறு சிக்கல் உண்டு. சாய்கோட்டையும் அதே முறையில் மறைத்து அனுப்பலாம். ஆனால் அவிழ்த்த பிறகு எது பிரிக்கும் சாய்கோடு, எது தலைப்பிலேயே இருந்த சாய்கோடு என்று தெரியாது. ‘கி.மு./கி.பி.’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால் ரவுட்டிங் பகுதி அதை இரண்டு துண்டாகவே பார்க்கும். சர்வருக்கும் பைதானுக்கும் நடுவே உள்ள டபிள்யூஎஸ்ஜிஐ என்ற ஒப்பந்தத்தை ஃபிலிப் ஈபி 2003இல் எழுதினார். பைதான் 3க்காக 2010இல் அது திருத்தப்பட்டபோது ஒரு சமரசம் செய்தார்கள்: பாதையின் பைட்டுகளை லத்தீன்-1 எழுத்துகள் என்று பாவித்துச் சரமாகக் கொடுப்பது. ஆகவே தமிழ் முகவரி சட்டகத்தின் வாசலுக்கு வரும்போது உச்சிக்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளின் குப்பையாகவே வருகிறது. அதை மறுபடி பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8 என்று சரியாக வாசித்துத் தமிழாக்கிய பின்பே பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரியாமல் நடந்துவிடும். தெரியும்படி உடைவது அடுத்த இடத்தில். தலைப்பிலிருந்து முகவரிக்கான துண்டை உண்டாக்க ஜாங்கோவில் ‘ஸ்லக்கிஃபை’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இயல்பு நிலையில் அது ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் வெற்றுச் சரம் வரும். யூனிகோடை அனுமதி என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ஏதோ ஒன்று வரும். ‘மதுரை’ என்று கொடுத்தால் ‘மதர’. ‘சென்னை’ என்றால் ‘சனன’. கல், காலை, கூலி, கேலி எல்லாமே ‘கல’. நான்கு செய்திகளுக்கும் ஒரே முகவரி.

காரணம் பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எந்திரம் ‘சொல்லுக்குள் வரும் எழுத்து’ என்று எதைக் கருதுகிறது என்பதில் இருக்கிறது. யூனிகோடில் ‘எழுத்து’ அல்லது ‘எண்’ என்று வகைப்படுத்தியவை மட்டும் அதற்கு எழுத்து. தமிழின் கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘சேர்க்கைக் குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. குறிகளைத் தூக்கு என்றதும் காற்புள்ளி, ஆச்சரியக்குறியோடு இவையும் போய்விடுகின்றன. யூனிகோடு அமைப்பின் 18ஆம் தொழில்நுட்பத் தரநிலை சேர்க்கைக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ளச் சொல்கிறது. பைதானே வேறோர் இடத்தில் அப்படித்தான் நடந்துகொள்கிறது: மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் ‘தமிழ்’ என்று பெயர் வைத்தால் பைதான் 3 மறுபேச்சின்றி ஏற்கும். ஒரே மொழியின் இலக்கணம் புள்ளியைச் சொல்லின் உறுப்பு என்கிறது, அதன் நூலகம் இல்லை என்கிறது.

ஜாங்கோவின் பட்டியலிலும் இந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. முகவரித் துண்டுக்கென்று அது வைத்திருக்கும் ‘ஸ்லக்’ மாற்றி ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் விடாது. தமிழ் வந்தால் 404. சாய்கோடு அல்லாத எதையும் ஏற்கும் ‘ஸ்டர்’ மாற்றியைப் போட்டால் வேலை நடக்கும், ஆனால் குப்பையும் உள்ளே வரும். சரியான வழி சொந்தமாக ஒரு மாற்றி எழுதுவது. பத்து வரிகூட ஆகாது. யூனிகோடில் தமிழுக்குரிய 128 இடங்கள், எண்கள், சிறுகோடு என்று வடிவத்தைக் கொடுத்து, உள்ளே வரும்போது ஒருமுறை ‘என்எஃப்சி’ முறையில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கொ’ என்பதை ஒற்றைக் கொம்புக்காலாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சரங்களாக வேறு வேறு. ஒழுங்குபடுத்தாவிட்டால் ஒரு தட்டச்சுப்பலகையில் அடித்தவருக்குப் பக்கம் திறக்கும், இன்னொன்றில் அடித்தவருக்கு 404.

இதற்கும் மேலே ஒரு காப்பு வேண்டுமென்றால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் செய்வதைச் செய்யலாம். அங்கே கேள்வியின் எண்தான் பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. பின்னால் வரும் சொற்கள் வாசிப்பவருக்காக. ‘செய்தி/<இன்ட்:எண்>/<தமிழ்:தலைப்பு>/’ என்று ஒரு வரி, தலைப்பே இல்லாமல் எண்ணோடு முடியும் இன்னொரு வரி. இரண்டும் ஒரே ஃபங்ஷனுக்கு. ஃபங்ஷன் எண்ணை வைத்துத் தேடும். தலைப்பு தவறாகவோ குறையாகவோ இருந்தால், ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்னும் 301 விடையோடு உலாவியைச் சரியான முகவரிக்கு அனுப்பிவிடும். ஆசிரியர் மறுநாள் தலைப்பைத் திருத்தினாலும் பழைய இணைப்பு வேலை செய்யும். பகிரும்போது வாலின் சில சொற்கள் உதிர்ந்துபோனாலும் செய்தி திறக்கும்.